அக்பர் சுவைத்த புகையிலை

அக்பர் சக்கரவர்த்தியின் ஆட்சி முடியுந் தறுவாயில், ஏறத்தாழ 1604ஆம் ஆண்டில், தக்காணத்துப் பீஜப்பூருக்குத் தூது சென்றிருந்த அசத் பேக் என்பவர் ஆக்ராவுக்குத் திரும்பி வந்தார். அவர் சென்ற காரியம் பெரிய காரியந்தான். பீஜப்பூர்ச் சுல்தானின் மகளை அக்பரின் மைந்தன் தானியாலுக்கு மணம் முடிப்பது பற்றியது. அந்தத் திருமணத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலர். ஆனால், மன்னருக்குக் காணிக்கையாக அவர் ஒரு வெள்ளித் தட்டில் ஏந்தி வந்த மற்றொரு பொருள் நாடு முழுவதும் பரவி, நானூறு ஆண்டுகள் கழிந்தும் நம்மை விட்டு அகலவில்லை. அப்பொருள் புகையிலை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மணச்சரக்குக் கூட்டிய புகையிலையைப் பற்றி. இன்னும் குறிப்பாக, அதைச் சுவைத்து ‘இது நன்று, இது மட்டம்’ என்று மனிதர் தீர்ப்புச் சொல்லி வந்த வரலாற்றைப் பற்றி. மாணவர்கள் கேட்கும் பேச்சில் புகையிலைக்கு என்ன வேலை என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். விலக்க வேண்டிய பொருளையும் இன்னதென்று அறிந்து விலக்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து. நான் புகைப்பவன் அல்லன். எனினும், அசத் பேக் எழுதி வைத்துப் போன அந்தக் குறிப்பைப் படிக்குந்தோறும், அன்று அந்த அவையில் எழுந்த கேள்வி இன்றும் தீராத கேள்வியாகவே எனக்குத் தோன்றுகிறது.

அசத் பேக் தம் அனுபவங்களைப் பாரசீக மொழியில் எழுதியிருக்கிறார். போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510இல். அதன்பின் அமெரிக்காவிலிருந்து அவர்கள் கொணர்ந்த இலை தக்காணத்தில் வேர்கொண்டுவிட்டது. ஆக்ரா அவைக்கோ அது புதுமை. பீஜப்பூரில் அதைக் கண்ட அசத் பேக் சும்மா ஒரு கட்டு இலையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சுமத்ராத் தீவின் அச்சின் துறையிலிருந்து வந்த மூன்று முழ நீளமுள்ள குழாய் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதன் இரு முனைகளிலும் இரத்தினம் இழைத்து மீனா வேலை செய்வித்தார். வாயில் வைக்கும் இடத்தில் ஏமன் நாட்டுச் செந்நிறக் கல்லைப் பொருத்தினார். நெருப்பிடுவதற்குப் பொன்னாலான கிண்ணம். குழாயை இட்டுவைக்க ஊதா வெல்வெட்டுப் போர்த்த வெள்ளி உறை. சுல்தான் அன்பளிப்பாகத் தந்த வெற்றிலைப் பையில் உயர்ந்த புகையிலை. இவ்வளவையும் தட்டில் அழகுற அடுக்கி அரசர் முன் வைத்தார். இலையில் வாசனைச் சரக்கு எதுவும் சேர்த்ததாக அவர் சொல்லவில்லை. கவர்ச்சியெல்லாம் பாத்திரத்தில் இருந்தது. இலைக்குள்ளேயே கவர்ச்சியை ஏற்றும் வித்தை பின்னால் வந்தது.

சக்கரவர்த்தியின் கண் தட்டின்மீது விழுந்தது. இது என்ன என்று வினவினார். அருகிலிருந்த கான்-இ-ஆஸம், மக்கா மதீனா நகரங்களில் இது யாவரும் அறிந்த பொருள் என்றும், மருந்தாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது என்றும் விடை சொன்னார். அவர் மக்காவுக்குப் போய் வந்தவர், ஆதலின் அறிந்திருந்தார். அக்பர் ஒரு குழாய் நிரப்பித் தரும்படி பணித்தார். அவர் புகையை இழுக்கத் தொடங்கியதும் அரண்மனை வைத்தியர் பதறி அருகில் வந்து தடுத்தார். கொண்டுவந்தவரின் மனம் மகிழ்வதற்காகவேனும் சிறிது பார்க்க வேண்டும் என்று சொல்லி, மன்னர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அதற்குமேல் வைத்தியர் விடவில்லை. குழாய் கான்-இ-ஆஸத்தின் கைக்குப் போயிற்று. அவரும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தார்.

அதன்பின் எழுந்த வாதந்தான் நாம் கவனிக்க வேண்டியது. மருந்துச் சாலைக்காரரை அழைத்துக் கேட்டார்கள். தம் நூல்களில் இதைப்பற்றிய பேச்சே இல்லை என்றும், ஐரோப்பிய வைத்தியர்கள் மட்டும் மிகப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றும் அவர் தெரிவித்தார். தலைமை வைத்தியர் உடனே, இது சோதிக்கப்படாத மருந்து, குணம் தெரியாத பொருளை மன்னர் உட்கொள்வது தகாது என்றார். அசத் பேக் விடவில்லை. ஐரோப்பியர் ஒன்றும் அறியாத மூடர் அல்லர். ஆராய்ந்து பாராமலே ஒரு பொருளைத் தள்ளுவது எப்படி நியாயம். உலகத்தில் எந்த வழக்கமும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே என்று அடுக்கினார். அக்பர் மகிழ்ந்துபோனார். நம் புத்தகத்தில் இல்லை என்பதற்காகப் பிற நாட்டு அறிஞர் கைக்கொண்டதைத் தள்ளிவிட்டால் நாம் முன்னேறுவது எவ்வாறு என்று கேட்டார். ஒரு முல்லாவையும் வரவழைத்தார்கள். அவரும் புகையிலையைப் புகழ்ந்தார். வைத்தியரை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. ‘ஆயினும் அவர் நல்ல வைத்தியர்’ என்ற பொருள்பட, வாதத்தில் தம்மை எதிர்த்தவரைப் பற்றி அசத் பேக் எழுதுகிறார். அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

பிறகு நடந்தது நாம் எதிர்பார்க்கக்கூடியதே. பிரபுக்கள் ஒருவர் விடாமல் ஆளனுப்பிக் கேட்டு வாங்கினார்கள். வணிகர் விற்கத் தொடங்கினர். ஆனால் சக்கரவர்த்தி அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை என்றும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? அசத் பேக்கின் வாதம் அறிவுக்கு ஒத்த வாதம். புதிதென்பதற்காக ஒன்றை ஒதுக்கலாகாது. ஆயினும் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சோதித்துப் பார் என்றாரே, எதைக்கொண்டு சோதிப்பது? அவையில் நடந்த சோதனையெல்லாம் இரண்டு பேர், இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவே. நாக்கும் மூக்கும் கூடிச் சொன்ன தீர்ப்பு அது. வைத்தியர் கேட்டதோ உடம்பைப் பற்றிய கேள்வி. அதற்கு நாக்கால் விடை சொல்ல முடியாது. அதற்குரிய சோதனை முறை அன்று உலகத்தில் எவரிடத்தும் இல்லை.

அதே 1604ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையைச் சாடி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். மூக்குக்கும் மூளைக்கும் நுரையீரலுக்கும் அது பகை என்றார். ஒரு பவுண்டு எடைக்கு 2 பென்ஸ் இருந்த சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். அவர் கையில் ஆராய்ச்சி எதுவும் இல்லை, வெறுப்பு இருந்தது. வெறுப்பும் சில சமயம் தற்செயலாக உண்மையின்மீது போய் முட்டிக்கொள்ளும். இங்கே அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகைப்பதைத் தடை செய்து ஆணையிட்டார். ஆணை நூலில் நின்றது. புகை ஊரில் நின்றது.

நீர் நிரப்பிய குடுவை வழியே புகையை இழுக்கும் உக்காவை அக்பரின் அவையிலிருந்த ஹகீம் அபுல் ஃபத் கீலானி கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் மறைந்தது 1589இல். அசத் பேக் தட்டேந்தி வந்ததோ அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. புகையிலை அவர் காலத்திலேயே வடக்கே வந்திருந்தால் அன்றி அந்தக் கதை நிற்காது. மாணவர்கள் இத்தகைய கதைகளைக் கேட்கும்போதெல்லாம் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்வது நன்று.

உக்காவை யார் கண்டுபிடித்திருப்பினும், அதில் இட்ட புகையிலையை மாற்றியமைத்தவர்கள் இந்நாட்டுக் கைவினைஞர்களே. வெறும் இலையின் புகை காரமானது. பழகாதவன் முதல் இழுப்பிலேயே இருமுவான், தலை சுற்றும், குமட்டும். உடம்பு எழுப்பும் இந்த எதிர்ப்பை அடக்குவதற்கு வெல்லம் வந்தது. இலையை இடித்து, வெல்லப்பாகில் பிசைந்து, களிமண் போன்ற பதத்துக்குக் கொணர்ந்தார்கள். அதன்மேல் ஏலம், கிராம்பு, சந்தனத்தூள், சடாமாஞ்சி, வெட்டிவேர், ரோஜா இதழ்ப் பாகாகிய குல்கந்து, பழக்குழம்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றையும் பானையில் அடைத்துப் புளிக்க வைத்தார்கள். புளித்தது என்னும் பொருளுடைய சொல்லாலேயே அதைக் ‘கமீரா’ என்றார்கள். லக்னோவின் கமீராவுக்குப் பெரும் பேர் இருந்தது. சமையற்கட்டும் வைத்தியசாலையும் அத்தர்க் கடையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அந்தப் பானை என்று சொல்லலாம்.

இந்தப் புகைக்குக் கம்பெனியாரும் அடிமையாயினர். கல்கத்தாவில் 1779இல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவர் மனைவியும் ஓர் இசை விருந்துக்கு அனுப்பிய அழைப்பிதழ் இன்றும் கிடைக்கிறது. விருந்தினர் தம் வேலைக்காரர் எவரையும் அழைத்து வரவேண்டாம் என்றும், உக்கா ஏந்துபவனை மட்டும் அழைத்து வரலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. குடை பிடிப்பவன் வேண்டாம், பல்லக்குத் தூக்குபவன் வேண்டாம். உக்கா ஏந்துபவன் இல்லாமல் முடியாது!

தமிழ்நாட்டில் உக்கா அவ்வளவாக வேரூன்றவில்லை. இங்கே சுருட்டும், வெற்றிலையோடு போடும் புகையிலையும், மூக்குப்பொடியும் ஆட்சி செய்தன. ஆங்கிலேயர் ‘செரூட்’ என்று வழங்குவது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லையே. சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக அனுப்பி ஒரு பிரபந்தமே பாடிவிட்டார். மணமூட்டும் ஆசை நம்மவரையும் விட்டுவைக்கவில்லை என்பதற்குப் பன்னீர்ப் புகையிலை சாட்சி. ஆனால் நாம் மெல்லும் இலையில் மணம் ஏற்றினோம். வடநாட்டார் எரியும் இலையில் ஏற்றினர். எரியும் பொருளில் மணம் ஏற்றுவது கடினமான கலை. நெருப்பு மணத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மேனாட்டில் இக்கலை சுங்கானைச் சுற்றி வளர்ந்தது. தொடக்கத்தில் அங்கும் மணமென்பது இலையைப் பதப்படுத்தும் முறையிலிருந்தே வந்தது. சிரியா நாட்டு லதாக்கியாப் புகையிலையை விறகுப் புகையில் உலர்த்துவார்கள். அதனால் கரிய நிறமும் புகைபிடித்த வாசனையும் உண்டாகும். அமெரிக்காவின் லூசியானாவில் பெரீக் என்னும் வகையைப் பீப்பாயில் இறுக அழுத்திப் புளிக்க வைப்பார்கள். மிளகும் உலர்ந்த பழமும் கலந்தாற்போன்ற நெடி அதற்கு. 1864இல் ஓஹையோ மாநிலத்தில் வெள்ளைப் பர்லி என்ற இலை தோன்றியதும் நிலைமை மாறிற்று. அவ்விலையில் இயற்கைச் சர்க்கரை மிகக் குறைவு; ஆனால் பஞ்சைப்போல் பாகை உறிஞ்சும். அதிமதுரம், கோகோ, வெல்லப்பாகு, ரம் எதை ஊட்டினாலும் ஏற்றுக்கொண்டது. ரசாயன நிபுணரும் வந்து சேர்ந்தார்கள். டோங்கா விதையில் மணப்பதாகிய கூமரினை 1868இலும், வனிலாவின் மணச்சத்தை 1874இலும் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். அதன்பிறகு வனிலாக் கொடியைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கூமரினை உணவில் சேர்ப்பது 1954இல் அமெரிக்காவில் தடுக்கப்பட்டது; பிராணிகளின் ஈரலுக்கு அது தீங்கு செய்வதைக் கண்டார்கள். சுங்கான் புகையிலையிலோ அது நெடுங்காலம் நீடித்தது. தின்னத் தகாதது புகைக்கத் தகும் என்ற தர்க்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இத்தகைய கலவையை மதிப்பிடுவோர் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் ஆசிரியர்களுள் ஒருவர் சுங்கான் பிடிப்பவர், சுவையில் கண்டிப்பானவர். புதிய தகர டப்பாவைத் திறந்ததும் முதலில் என்னிடம் நீட்டி, என்ன மணக்கிறது என்று கேட்பார். கிராம்பு, வனிலா, அத்திப்பழம் என்று நான் சொல்லிக்கொண்டு போவேன். அவர் சிரித்துவிட்டு, அது மேலே தெளித்த மணம், இலையைக் கண்டாயா என்பார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் அழுத்துவார். கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுதி, நொறுங்கினால் காய்ந்துவிட்டது, மெல்ல விரிந்து கொடுத்தால் பதம். சுங்கானில் இட்டு முதல் தீக்குச்சியால் மேற்பரப்பைக் கருக்கி, மெல்ல அமுக்கி, மறுபடியும் பற்றவைப்பார். முதற்பகுதி, நடுப்பகுதி, அடிப்பகுதி என்று மூன்றுக்கும் தனித்தனியே தீர்ப்பு உண்டு. முதற்பகுதியில் கிராம்பும் வனிலாவும் தலைகாட்டும். நடுவில் அவை ஓடிப்போய் இலை தன் குணத்தைக் காட்டும். அடியில் ஈரமும் கசப்புமே மிஞ்சும். அவசரப்பட்டு இழுத்தால் புகை சூடேறி நாக்கு வெந்தாற்போல் எரியும்.

அவர் சொன்ன ஒரு செய்தியை நான் மறக்கவில்லை. மணக் கலவையைப் பிடிக்கும் நாளில் அடுத்த அறையில் இருப்பவர்கள் ‘ஆகா, என்ன வாசனை’ என்று புகழ்வார்களாம். பிடிப்பவன் வாயிலோ அந்த வாசனையில் பாதிகூடத் தங்குவதில்லையாம். யோசித்துப் பார்த்தால் இது பெரிய உண்மை. வெறும் இலையின் நெடியை வீட்டார் சகிக்கமாட்டார்கள். மணமிட்ட புகையை வரவேற்று உட்கார வைப்பார்கள். மணச்சரக்கு இலையைத் திருத்தவில்லை. மற்றவர் மனத்தைத் திருத்தியது.

மூக்கை வசப்படுத்தலாம், உடம்பை வசப்படுத்த முடியாது என்பது மெல்ல மெல்லத் தெரிய வந்தது. 1795இலேயே சோமரிங் என்னும் ஜெர்மானிய வைத்திய அறிஞர், சுங்கான் பிடிப்போருக்குக் கீழுதட்டில் புற்று வருவதைக் குறித்து எழுதினார். அவரைக் கேட்டவர் இல்லை. ஒரு வைத்தியர் தம்மிடம் வந்த சில நோயாளிகளைக் கண்டு சொல்வது மட்டும் போதாது; பல்லாயிரம் பேரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும். நோய் தோன்ற இருபது முப்பது ஆண்டுகள் ஆகும்போது, இரண்டு மூன்று இழுப்பில் எதைக் காண்பது?

அத்தகைய சோதனை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது. 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் இருவர், நுரையீரற் புற்றுநோய் கண்ட 709 பேரையும் அந்நோய் இல்லாத 709 பேரையும் ஒப்பிட்டு, புகைக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். மறு ஆண்டு இன்னும் துணிந்தார்கள். பிரிட்டனின் வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, நீங்கள் புகைப்பதுண்டா, எவ்வளவு என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40,000 வைத்தியர் விடை எழுதினர். அவர்களுள் ஆடவர் 34,439 பேரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். யார் எப்போது எதனால் இறந்தார் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். 2004இல் கணக்கு முடிந்தபோது, வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தவர், புகையாதவரைவிடச் சராசரி பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர் என்பது தெளிவாயிற்று. ஆக்ராவின் வைத்தியர் கேட்ட கேள்விக்கு, வைத்தியர்களே தம் உயிரைக் கணக்கில் வைத்து விடை சொன்னது போல ஆயிற்று. அசத் பேக்கின் கொள்கைதான் இங்கே வென்றது. ஆராய்ந்து பார்த்தே முடிவு சொன்னார்கள். ஆனால் முடிவு அவர் எதிர்பார்த்ததாக இல்லை.

அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 1964 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சிகரெட்டைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது. ஆயினும், சுங்கான் பிடிப்பது உதட்டுப் புற்றுக்குக் காரணமாகிறது என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. சோமரிங் எழுதி 169 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுங்கான் பிடிப்போர் பலர் புகையை உள்ளே இழுப்பதில்லை. ஆதலால் தமக்குத் தீங்கில்லை என்பது அவர்கள் வாதம். சுங்கானிலும் சுருட்டிலும் இடும் இலைகள் பலவற்றின் புகை காரத்தன்மை உடையது. அதிலுள்ள நிகோடின் நுரையீரல் வரை போகாமல் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். மேலே தெளித்த வனிலா இதை அணுவளவும் மாற்றுவதில்லை.

பழைய உக்கா மறைந்தொழிந்தது என்று நினைத்திருந்த காலத்தில் அது புதுக்கோலம் பூண்டு வந்தது. 1990களில் எகிப்து நாட்டார் பாகும் பழமணமும் ஊட்டிய உக்காப் புகையிலையைப் பெருவாரியாக விற்கத் தொடங்கினர். ஆப்பிள், திராட்சை, புதினா என்று பெயர்கள். கல்லூரி மாணவர்களே அதற்கு முதல் விருந்தினர் ஆயினர். நீர் வழியே வருவதால் புகை தூய்மையாகிவிடும் என்று அவர்களுள் பலர் நம்பினர். நிகோடினும் நஞ்சுகளும் நீரைக் கடந்தே வருகின்றன. ஒருமுறை உட்கார்ந்து ஒரு மணி நேரம் உக்கா பிடிப்பவன் இழுக்கும் புகையின் அளவு, ஒரு சிகரெட்டின் புகையைப்போல் நூறு மடங்குக்கு மேலும் ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் அறிவித்தது. புகை குளிர்ந்தும் இனித்தும் வருவதால் தொண்டை எதிர்ப்பதில்லை. எதிர்ப்பில்லாததால் ஆழ இழுக்கிறான். லக்னோவின் பானைக்காரர்கள் வெல்லத்தை இட்டபோது எதை நினைத்து இட்டார்களோ, அது இங்கும் தவறாமல் வேலை செய்கிறது.

கிராம்பும் பழமும் போன்ற சுவைகள் இளைஞரை இழுக்கின்றன என்பதைக் கண்டு, அமெரிக்கா 2009இல் சட்டம் செய்து, சுவையூட்டிய சிகரெட்டை விலக்கியது. புதினா மணமுடைய மென்தாலுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார்கள். அதை வாங்குவோர் தொகை அவ்வளவு பெரிது. சுங்கான் டப்பாவும் உக்காப் பாகும் அந்தத் தடைக்குள் அகப்படவில்லை.